ஐந்து கோடுகளில் ஒரு பாலே

ஆசிரியர் ஆடிக்காட்டுவார், மாணவர் பார்த்துப் பழகுவார். பாலே நடனங்கள் நெடுங்காலம் இப்படித்தான் கைமாறி வந்தன. ஒரு தலைமுறை ஓர் அசைவை மாற்றிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அந்த மாற்றமே மரபாகிவிடும்.

இதைத் தடுக்க வழி தேடியவர்களில் ஒருவர் விளாதிமிர் ஸ்தெபானோவ். ரஷ்யாவின் மரின்ஸ்கி அரங்கில் ஆடிய இவர், இசைக் குறிப்பைப் போலவே உடலசைவையும் எழுதும் முறையை 1892இல் வெளியிட்டார். 1896இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆனாலும் அரங்கில் இருந்தவர்கள் அந்த முறையிலேயே நடன அமைப்பாளர் மரியஸ் பெட்டிப்பாவின் பாலேக்களை எழுதிவைத்தார்கள். அவர்களில் ஒருவரான நிக்கோலாய் செர்கேயெவ், ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியபோது அந்தத் தாள்களையும் எடுத்துச் சென்றார். 1930களில் லண்டனில் ‘ஸ்வான் லேக்’, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ மேடையேறியதற்கு அவையே ஆதாரம். இன்று அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன.

2015இல் நடன அமைப்பாளர் அலெக்ஸி ரட்மான்ஸ்கி அவற்றைப் படித்து, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக மீட்டமைத்தார். இன்றைய மேடைகளில் தலைக்கு மேல் எழும் கால்கள், அந்தத் தாள்களில் அவ்வளவு உயரம் போகவில்லை என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இன்று பாலே உலகில் பரவலாக உள்ளது பெனெஷ் முறை. நடனக் கலைஞர் ஜோன் பெனெஷும் அவருடைய கணவர் ருடால்ஃபும் உருவாக்கி, 1950களின் நடுவில் வெளியிட்டது. இதற்கு இசைத்தாளின் ஐந்து கோடுகளே அடிப்படை. மேல்கோடு உச்சந்தலை, அடுத்தடுத்து தோள், இடுப்பு, முழங்கால், அடிக்கோடு தரை. ஆடுபவரை முதுகுப்புறமிருந்து பார்ப்பதுபோல எழுதுவதால், படிப்பவரின் வலதும் ஆடுபவரின் வலதும் ஒன்றாகவே இருக்கும்.

கையோ காலோ உடலுக்கு நேர்பக்கத்தில் இருந்தால் சிறு கிடைக்கோடு, முன்னால் நீண்டால் செங்குத்துக் கோடு, பின்னால் போனால் புள்ளி. தோள் கோட்டின் இரு ஓரங்களிலும் கிடைக்கோடு இருந்தால், கைகள் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு விரிந்திருக்கின்றன என்று பொருள். கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியை வளைகோடு காட்டும். தாளம் கோடுகளுக்கு மேலே. ஆடுபவர் நகரும் திசை கீழே. மாறாத நிலையை மறுபடி எழுதுவதில்லை. அதனால் வேகமான நடனமும் தாளில் அடங்குகிறது.

வீடியோ இருக்கும்போது இந்த உழைப்பு எதற்கு? வீடியோவில் பதிவாவது ஒருவர் ஓர் இரவு ஆடிய ஆட்டம். அன்று கால் தவறியிருந்தால் அந்தத் தவறும் பதிவாகும். முன்வரிசையினர் மறைத்த கை தெரியாமலே போகும். ஒத்திகை அறையில் நடன அமைப்பாளர் கேட்டது என்ன என்பதைக் குறியீடு சொல்லும். ஆடுபவரின் பாணியையும் படைப்பாளரின் அசைவையும் பிரித்தறிய அதுவே துணை. ஒரு பாலே பிழையின்றி அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமென்றால், கேமராவுக்குப் பக்கத்தில் பென்சிலோடு ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.