கணக்கு உத்தியோகமும் முதல் மாத அச்சமும்



பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்துக்கு உத்தியோகம் தேடிச் செல்வது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. அவ்வாறு சென்றவர்களுள் பலர் எண்ணும் எழுத்தும் சார்ந்த பணிகளிலேயே அமர்ந்தனர். 1907ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்ற சி. வி. இராமனை நாம் அறிவோம். இன்றும் தில்லி, மும்பை, புனே, அகமதாபாத், நாகபுரி ஆகிய நகரங்களின் கணக்குப் பிரிவுகளில், பி.காம். பட்டத்தைக் கையில் ஏந்தி முதன்முதலாக நுழையும் தமிழ் இளைஞர்களையும் இளம்பெண்களையும் காணலாம். அவர்களுக்கு முதல் சில வாரங்களில் ஏற்படும் அச்சத்தைப் பற்றியும், அதைக் கையாளும் வழிகளைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஒரு கூட்டலை மூன்று முறை சரிபார்த்த பின்னும் நம்பிக்கை பிறப்பதில்லை. இது நோயும் அன்று, திறமைக் குறைவின் அடையாளமும் அன்று. புதிய பொறுப்பை ஏற்கும்போது உடல் தன்னைத் தயார் செய்துகொள்ளும் முறையே இது. சிறிதளவு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும். அளவு மிஞ்சினால் அதுவே கவனத்தைச் சிதறடிக்கும். ஆகவே அச்சத்தை அடியோடு ஒழிப்பது நம் நோக்கமாக இருக்க வேண்டுவதில்லை. அதை அளவுக்குள் நிறுத்தினால் போதும். அதற்கு அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று பகுத்துப் பார்த்தல் வேண்டும். வெளிமாநிலத்தில் முதல் கணக்குப் பணியில் அமரும் ஒருவருக்கு மூன்று அச்சங்கள் உண்டு: தவறு நேர்ந்துவிடுமோ என்பது ஒன்று, ஐயத்தைக் கேட்டால் இகழ்வார்களோ என்பது மற்றொன்று, மொழி தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்பது மூன்றாவது.

முதலில் தவறு பற்றிய அச்சத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கியல் என்பது தவறே செய்யாத மனிதர்களுக்காக ஏற்பட்ட கலை என்று புதியவர் நினைக்கிறார். உண்மை இதற்கு நேர்மாறானது. மனிதன் தவறுவான் என்று எதிர்பார்த்து, அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் உள்ளேயே அமைத்துக்கொண்ட கலை இது. 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் லூக்கா பாசியோலி என்னும் துறவி விளக்கி எழுதிய இரட்டைப் பதிவு முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று ஒன்று, வரவு ஒன்று என இரண்டு பதிவுகள் ஏன்? ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாக நிற்கும் என்பது அதன் பெரும்பயன்களுள் ஒன்று. இருப்பாய்வு, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல், மேலாளரின் சரிபார்ப்பு, இறுதியில் தணிக்கை என்று அடுத்தடுத்து நிற்கும் காவல்கள் யாவும் தவறு நேரும் என்னும் அனுமானத்தின் மீது எழுந்தவையே. ஒரு புதிய ஊழியர் ஒருவரே அத்தனை பாரத்தையும் சுமக்கவில்லை என்பதை உணர்ந்தால் பாதி அச்சம் குறையும்.

தவறைத் தேடுவதற்கும் முறைகள் உண்டு. முறை தெரிந்தவருக்குப் பதற்றம் குறைவு. எடுத்துக்காட்டாக, இரண்டு தொகைகள் ஒத்துவரவில்லை. வேறுபாடு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று முதலில் பாருங்கள். வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணின் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக் கூடும். 7,540 என்பது 5,740 ஆகியிருக்கலாம். சுழி ஒன்று விட்டுப்போனாலும் இவ்வாறே நேரும்: 4,500 என்பதை 450 என்று எழுதினால் வேறுபாடு 4,050, அதுவும் 9ஆல் வகுபடும். இனி, வேறுபாட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். 4,700 வேறுபட்டால், 2,350 ரூபாய்ப் பதிவு ஒன்று பற்றுப் பக்கத்துக்குப் பதிலாக வரவுப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று தேடலாம். இவை உறுதியான தீர்ப்புகள் அல்ல. ஆயினும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பவருக்கு இவை கைவிளக்குகள்.

இன்று பெரும்பாலான கணக்குகள் கணினியில் எழுதப்படுகின்றன. பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவைக் கணினி ஏற்பதில்லை. அதனால் தவறே இல்லை என்று எண்ணிவிடலாகாது. தவறான தலைப்பில் பதிதல், ஒரே பட்டியலை இருமுறை பதிதல், தேதி மாறுதல், தொகையே பிறழ்தல் ஆகியவற்றைக் கணினி இனிய முகத்தோடு ஏற்றுக்கொள்ளும். மூலச் சீட்டோடும் வங்கி அறிக்கையோடும் ஒத்துப் பார்ப்பதே இவற்றுக்கு மருந்து. வங்கி அறிக்கையைப் பார்க்கும்போது புதியவர் ஒன்றைக் கருத வேண்டும். நம் ஏட்டில் பற்றாக இருப்பது வங்கியின் ஏட்டில் வரவாக இருக்கும். வங்கியிலுள்ள பணம் நமக்குச் சொத்து. வங்கிக்கோ அது நம்மிடம் பட்ட கடன். இந்த ஒரு நுட்பம் விளங்கினால் பல நாள் குழப்பம் தீரும்.

தவறு தெரிந்தபின் என்ன செய்வது? இங்கேதான் ஒருவருடைய உத்தியோக வாழ்வு எத்திசையில் செல்லும் என்பது தீர்மானமாகிறது. பொருள் அனுப்பிய ஒரு வியாபாரிக்கு ஒரே பட்டியலுக்காக இருமுறை பணம் போய்விட்டது என்று கொள்வோம். அன்றே மேலாளரிடம் கூறினால் ஒரு தொலைபேசிப் பேச்சில் அது தீர்ந்துவிடக் கூடும். அடுத்த பட்டியலில் கழித்துக்கொள்வதும் எளிது. அஞ்சி மறைத்து, அத்தொகையை அனாமத்துக் கணக்கில் ஒதுக்கி வைத்தால், ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கண்ணில் அது படும். அப்போது எழும் கேள்வி வேறு: “ஏன் தவறு நேர்ந்தது?” என்று எவரும் கேட்கமாட்டார், “ஏன் மறைத்தீர்?” என்றே கேட்பார். கவனக்குறைவு மன்னிக்கப்படும் இடத்தில் மறைப்பு மன்னிக்கப்படுவதில்லை.

ஏட்டில் எழுதிய காலத்தில் தவறான எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. அந்த விதியின் உயிர் இன்றும் மாறவில்லை. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு தானே பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்க இயலாதபடி இருக்க வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகையால் திருத்தத்தை வெளிப்படையாக, எதிர்ப்பதிவின் மூலம், காரணக் குறிப்போடு செய்வதே நேர்மை. அதுவே பாதுகாப்பும் ஆகும்.

இரண்டாவது அச்சம் கேட்பதற்குக் கூசுவது. கேட்பதிலும் ஒரு முறை உண்டு. முந்திய மாதத்துக் கோப்பே உங்கள் முதல் ஆசிரியர். இதே வாடகை, இதே மின் கட்டணம், இதே சம்பளம் சென்ற மாதம் எவ்வாறு பதிவாயிற்று என்று அதில் பாருங்கள். அதிலும் விளங்காதவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிச் சேர்த்து, மேலதிகாரிக்கு ஓய்வான நேரத்தில் ஒருசேரக் கேளுங்கள். “இது எனக்குத் தெரியவில்லை” என்பதைக் காட்டிலும், “சென்ற மாதம் இவ்வாறு செய்திருக்கிறார்கள்; இம்மாதமும் அவ்வாறே செய்யலாமா?” என்று கேட்பது நன்று. விடையையும் அக்குறிப்பேட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஐயத்தை இருமுறை கேட்கும் நிலை வாராது.

அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு மாத அட்டவணை இருக்கட்டும். தனியார் நிறுவனங்களில் பிடித்தம் செய்த வருமான வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்துவது பொது விதி. மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை உண்டு. மாதந்தோறும் கணக்குச் செலுத்தும் வணிகர்கள் சரக்கு, சேவை வரியின் விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும், வரிச் சுருக்க அறிக்கையை 20ஆம் தேதிக்குள்ளும் அனுப்ப வேண்டும். சேமநல நிதிக்கு 15ஆம் தேதி. அரசின் அறிவிப்பால் இவை சில சமயம் நீட்டிக்கப்படுவதும் உண்டு. எந்த நாளில் எந்த நெருக்கடி வரும் என்று முன்னரே அறிந்தவருக்கு அது நெருக்கடியாகத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, மொழி. வட மாநிலத்துக் காரியாலயங்களில் எழுத்து வேலை ஆங்கிலத்தில் நடந்தாலும் வாய்ப்பேச்சு இந்தியில் நடக்கும். எண்களை வாயால் சொல்லும்போதே நம்மவர் தடுமாறுகின்றனர். இந்தியில் ‘உன்’ என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் அடுத்த பத்துக்கு ஒன்று குறைந்தவை. ‘ஸாட்’ என்றால் 60. ‘உன்ஸட்’ என்றால் 59. ஒலியைக் கேட்டு அறுபத்துச் சொச்சம் என்று எழுதிவிடலாகாது. ‘உன்ஹத்தர்’ 69; ‘உன்னாஸி’ 79. ஆனால் 89 ‘நவாஸி’ ஆகிவிடும். இது விந்தையாகத் தோன்றலாம். நம் தொண்ணூற்றிலும் நூறு ஒலிக்கிறது. எனினும் அது நூறு அன்று என்பதை நினைவுகூர்ந்தால் விந்தை தீரும். பின்னங்களும் அவ்வாறே: ‘சவா சௌ’ 125, ‘டேட் சௌ’ 150, ‘பௌனே தோ சௌ’ 175, ‘டாயீ ஹஜார்’ 2,500, ‘சாடே தீன் ஹஜார்’ 3,500. எவரேனும் தொகையை வாயால் சொன்னால், அதை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி ஒப்புதல் பெற்ற பின்னரே எழுதுங்கள். இதைக் குறையாக எவரும் கருதமாட்டார். எச்சரிக்கை என்றே கருதுவார்.

மற்றொரு புறம், நமக்குத் தெரிந்த சொற்களும் அங்கே நிறைய உண்டு. பாக்கி, வசூல், ரசீது, கஜானா ஆகியவை பாரசீகம், அரபு முதலிய மொழிகளின் வழியே இந்திக்கும் தமிழுக்கும் வந்து சேர்ந்தவை. ‘ஜமா’ என்றால் வரவு; ‘நாமே’ என்றால் பற்று; ‘ரோகட்’ என்பதில் நம் ரொக்கம் ஒலிக்கிறது. கணக்கு மொழியைப் பொறுத்தவரை நாம் முற்றிலும் அந்நியர் அல்லர். உடன் பணிபுரிவோரைத் தில்லியில் ‘ஜீ’ சேர்த்தும், குஜராத்தில் ‘பாய்’, ‘பேன்’ சேர்த்தும் அழைப்பது வழக்கம். அந்த ஒரு சொல்லே பல கதவுகளைத் திறக்கும்.

இனி, அஞ்ச வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். புதியவரின் பணிவை எவரேனும் தவறாகப் பயன்படுத்த முயலக் கூடும். பார்க்காத சீட்டில் ஒப்பமிடச் சொல்வதும், முன்தேதியிட்டுப் பதியச் சொல்வதும், அவசரம் என்று கூறிக் கடவுச்சொல்லைக் கேட்பதும் உண்டு. கணினியில் உங்கள் பெயரில் நுழைந்து செய்யப்படும் ஒவ்வொரு செயலும் உங்கள் கையொப்பத்துக்குச் சமம். ஆகவே கடவுச்சொல்லை மேலதிகாரிக்கும் கொடுக்கலாகாது. “தங்கள் ஆணையை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன்” என்று பணிவோடு சொல்லுங்கள். நேர்மையான ஆணையானால் எழுத்தில் வரும். அல்லாதது பெரும்பாலும் வராது. அவ்வாறன்றி எழுத்திலேயே வந்தாலும், முறையற்றதைச் செய்யும் கடமை உங்களுக்கு இல்லை.

மாலைப் பொழுதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராமன் கல்கத்தாவில் பகலெல்லாம் கணக்குக் காரியாலயத்தில் உழைத்தார்; மீந்த நேரத்தை இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். பத்தாண்டுகள் இவ்வாறு சென்றபின், 1917இல் அவ்வுத்தியோகத்தை விட்டுப் பேராசிரியர் ஆனார். எல்லோரும் இராமன் ஆக இயலாது. ஆயினும் இசை, நூல்நிலையம், தமிழ்ச் சங்கம், நடை, விளையாட்டு என்று காரியாலயத்துக்கு வெளியே ஓரிடம் எல்லோருக்கும் வேண்டும். அவ்விடம் இல்லாதவருக்கு அன்றைய சிறு தவறு இரவெல்லாம் பெரிதாக வளரும். உறக்கமும் உணவும் பல வாரங்கள் கெட்டால் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். 2022இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இத்தகைய ஓர் இளைஞரையோ பெண்ணையோ தம் இல்லத்தில் தங்க வைத்திருக்கும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் திரும்பியதும் “வேலை நிரந்தரமாகுமா? சம்பளம் எப்போது உயரும்?” என்று கேளாதீர்கள். “இன்று என்ன புதிதாகத் தெரிந்துகொண்டாய்?” என்று கேளுங்கள். அக்கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விடை இருக்கும். அவ்விடைகள் சேரச் சேர அச்சம் குறையும். ஒரு முழு நிதியாண்டை, ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஒருமுறை கண்டுவிட்டவருக்கு அடுத்த ஆண்டு வரும் வேலைகளுட் பெரும்பாலானவை பழகிய முகங்களாகவே தோன்றும். அதுவரை பொறுமையும், ஒரு குறிப்பேடும், தவறை அன்றன்றே சொல்லும் துணிவும் போதும்.