ஊசிக்கு முன்னால் இஞ்சி டேப்!

சீவலப்பேரியில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். "போன வருஷ ஜாக்கெட் ஒண்ணும் சேரலை. மெலிய ஏதாவது மருந்து இருந்தாச் சொல்லேன்" என்று கேட்காத பெண்ணே இல்லை. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை என்று தெரிந்தது.

என் மதினிக்கு வயது 44. படி ஏறினால் மூச்சு வாங்கும். முழங்கால் வலி வேறு. தெரிந்த ஒருவர் "மூலிகைப் பொடி, மாசம் 8 கிலோ குறையும்" என்று 3,000 ரூபாய் கேட்டார். மெலியும் ஊசி பற்றியும் செல்போனில் பார்த்திருந்தார். "ஏட்டி, பொடியா ஊசியா, நீயே சொல்லு" என்றார். "ரெண்டும் இருக்கட்டும் மதினி, முதல்ல டாக்டரைப் பாப்போம்" என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

உயரம் 155 செ.மீ., எடை 66 கிலோ. எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வரும். மதினிக்கு இருபத்தேழரை. மேல்நாட்டாருக்கு 30 தொட்டால்தான் உடல் பருமன். நமக்கு 25 என்றாலே பருமன். குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுகிறதாம்.

அடுத்து வயிற்றுச் சுற்றளவு. பாவாடை கட்டும் இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், டேப்பை இறுக்காமல் எடுக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் வரை சரி. ஆண்களுக்கு 90 செ.மீ.

பிறகு பி.பி., சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகள். மாதவிலக்கு ஒழுங்கா, குறட்டை உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளே எடையைக் கூட்டுமாம். மதினிக்கு தைராய்டு சுரப்பு குறைவு, பி.பி.யும் அதிகம் என்று தெரிந்தது. பொடியை வாங்கியிருந்தால் இது தெரிந்தே இருக்காது!

மருந்துகளைப் பற்றியும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். 'சிபுட்ரமின்' என்ற மெலியும் மாத்திரையை, இதயத்துக்குக் கெடுதல் என்று 2011ல் நம் நாட்டில் தடை செய்தார்கள். மூலிகை என்று விற்ற பல சரக்குகளில் அதே மருந்து கலந்திருந்ததை அமெரிக்க அரசு கண்டுபிடித்திருக்கிறது. 'ஆர்லிஸ்டாட்' மாத்திரை, சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேராமல் தடுக்கும். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வயிற்றுப்போக்குதான்.

2025ல் நம் நாட்டில் எடை குறைக்க வந்த 'டிர்செபடைடு', 'செமாகுளுடைடு' ஊசிகள் பசியைக் குறைக்கின்றன. வாரம் ஒன்று. டிர்செபடைடு வந்த புதிதில் ஆரம்ப அளவு ஊசியே 3,500 ரூபாய். பி.எம்.ஐ. 30 இருக்க வேண்டும். அல்லது 27 இருந்து, கூடவே பி.பி., சர்க்கரை போன்ற தொந்தரவும் இருக்க வேண்டும். குமட்டல், வாந்தி வரலாம். கர்ப்பிணிகள் போடக்கூடாது. கணையத்தில் அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் ஒருவகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தினால் குறைந்த எடை பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும்.

மதினிக்கு ஊசி போடத் தகுதி இருந்தும், "முதலில் தைராய்டு, பி.பி.யைச் சரி செய்வோம்" என்றார். சோற்றைப் பாதியாக்கி காயும் பயறும் கூட்டினோம். தினமும் முக்கால் மணி நேரம் நடை. நான்கு மாதத்தில் 4 கிலோ குறைந்திருக்கிறது, மூச்சு வாங்குவதும் குறைவு. ஊசி வேண்டுமா என்பதை அடுத்த முறை பார்ப்பார்கள். மதினியின் தைராய்டு மாத்திரையைக் கேட்டு இப்போதே இரண்டு பேர் வந்துவிட்டார்கள்! அது மெலியும் மருந்தல்ல. தேவையில்லாதவர் சாப்பிட்டால் இதயம் படபடக்கும்.

சகோதரிகளே, பருமன் என்பது சோம்பேறித்தனம் அல்ல; வைத்தியம் உள்ள நோய். கூச்சப்படாமல் டாக்டரிடம் போங்கள். அடுத்த வீட்டுக்காரிக்கு எழுதிய சீட்டில் மட்டும் மருந்து வாங்காதீர்கள்.

- ஒரு வாசகி, சீவலப்பேரி.