கண்ணில் படாத சோதனைக் கோப்பு

ஜாவாஸ்கிரிப்ட் மென்பொருளுக்கு எழுதிய சோதனைகள் பல ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். அவற்றை ஓட்டிப் பார்த்துத் தேறியதா, தவறியதா என்று சொல்லும் கருவி டெஸ்ட் ரன்னர். ஓட்டுவதற்கு முன் அது முடிக்கவேண்டிய வேலை, எந்தக் கோப்பு சோதனை, எது சோதனை அல்ல என்று பிரிப்பது.

ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. வாகனச் சோதனை மையத்தில், எந்த வண்டிக்கு எந்தச் சோதனை என்ற இதுபோன்ற கேள்விக்கு விதிமுறையே விடை சொல்லிவிடுகிறது. இரண்டு, மூன்று சக்கர வண்டிகள் ‘எல்’, பயணிகள் வண்டிகள் ‘எம்’, சரக்கு வண்டிகள் ‘என்’. காருக்கு மோதல் சோதனை உண்டு, பைக்குக்குக் கிடையாது. எழுதிவைத்த பட்டியல் இருப்பதால், ஒரு சோதனை விட்டுப்போனால் அந்த இடம் காலியாகத் தெரியும். டெஸ்ட் ரன்னருக்குப் பட்டியல் யாரும் தருவதில்லை. கோப்பின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்துத் தானே திரட்டிக்கொள்கிறது. விட்டுப்போனது எதுவோ, அது கணக்கிலேயே வராது.

ஃபேஸ்புக்கில் பிறந்து 2022-இல் ஓபன்ஜேஎஸ் அறக்கட்டளைக்குக் கைமாறிய ஜெஸ்ட் என்ற டெஸ்ட் ரன்னர், முதலில் திட்டத்தின் வேர் ஃபோல்டரிலிருந்து எல்லாக் கோப்புகளையும் ஒரு வரைபடமாகத் தொகுத்துச் சேமித்துவைக்கிறது. அடுத்த முறை மாறியவற்றை மட்டும் பார்த்தால் போதும். பிறகு பெயர்ப் பொருத்தம். ‘டெஸ்ட்ஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்ட ஃபோல்டருக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லாம் சோதனைகள். வெளியே இருப்பவற்றில் ‘ஸ்டாக் புள்ளி டெஸ்ட் புள்ளி ஜேஎஸ்’ என்பதுபோல், ‘டெஸ்ட்’ அல்லது ‘ஸ்பெக்’ என்ற சொல் ‘ஜேஎஸ்’ போன்ற பின்னொட்டுக்குச் சற்று முன் அமைந்தவை சேரும். அதையே ‘ஸ்டாக் புள்ளி டெஸ்ட்ஸ் புள்ளி ஜேஎஸ்’ என்று எழுதிவிட்டால் சேராது. எல்லா ரன்னருக்கும் ஒரே வழக்கமும் இல்லை. மோக்கா, கேட்காதவரை, ‘டெஸ்ட்’ ஃபோல்டரின் மேல்மட்டத்தோடு நின்றுவிடும்; உள் ஃபோல்டர்களுக்குள் இறங்காது.

அடுத்தது கழித்தல். வெளியார் நிரல்கள் குவிந்திருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை ஜெஸ்ட் தானாகவே ஒதுக்கிவிடும். மற்றவற்றை நிரலாளர் சொல்லலாம். வம்பு இங்கேதான். ஒதுக்கும் விதி கோப்பின் முழுப் பாதையோடு ஒப்பிடப்படுகிறது. ‘பில்ட்’ ஃபோல்டரை ஒதுக்கு என்று எழுதியவருடைய கணினியில் எல்லாம் சரியாக ஓடும். அதே திட்டத்தை சர்வரில் ‘பில்ட்’ என்ற ஃபோல்டருக்குள் இறக்கினால் அத்தனை சோதனைகளும் ஒதுங்கிவிடும். விதியின் தொடக்கத்தில் வேர் ஃபோல்டருக்கான குறியைச் சேர்ப்பதே இதற்கு மருந்து.

திரட்டியதில் ஒரு பகுதியை மட்டும் ஓட்ட, கட்டளையோடு ‘ஸ்டாக்’ என்று எழுதினால் பாதையில் அந்தச் சொல் உள்ள கோப்புகள் மட்டும் ஓடும். ஜெஸ்ட் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்து வடிவங்களை விவரிக்கும் வாய்பாடாகப் படிக்கிறது. விடெஸ்ட் என்ற இன்னொரு ரன்னர் வெறும் எழுத்துத் தொடராகத் தேடுகிறது. சோதனையின் பெயரைக் கொண்டும் வடிகட்டலாம். ஆனால் பெயர்கள் கோப்புக்குள்ளே இருப்பதால், ஒவ்வொரு கோப்பையும் திறந்து ஏற்றிய பிறகே பொருந்தாதவற்றைத் தாண்ட முடியும். நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவருக்குப் பாதை வடிகட்டியே உதவும்.

நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவியிடம் மாறிய கோப்புகளைக் கேட்டறிந்து, அவற்றை நேராகவோ சுற்றிவளைத்தோ இம்போர்ட் செய்யும் சோதனைகளை மட்டும் ஓட்டும் வசதியும் ஜெஸ்டில் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இம்போர்ட் இல்லாமல், ஓடும்போது வட்டிலிருந்து படிக்கும் டேட்டா கோப்பு மாறினால் அதற்குத் தெரியாது.

ஒரு சோதனைகூட அகப்படாவிட்டால் ஜெஸ்ட் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். நூற்றில் ஒன்று அகப்படாவிட்டால் மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் பச்சை காட்டி முடித்துக்கொள்ளும். எதையும் ஓட்டாமல், தான் கண்டுபிடித்த கோப்புகளை மட்டும் பட்டியலிடச் சொல்லும் கட்டளை அதில் இருக்கிறது. பெயர் விதியையோ ஒதுக்கும் விதியையோ தொடுபவர்கள் அந்தக் கட்டளையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் காணாமல்போன கோப்பின் பெயர் தெரிந்துவிடும்.