கணினிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. பிராசஸர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கிருந்து அதை வெளியே தள்ளுவது விசிறிக் காற்று. அதனால் சுற்றில் ஓடும் தண்ணீர் ஒருபோதும் அறையை விடக் குளிர்ந்திருக்காது. மே மாதம் உங்கள் அறை 34 டிகிரி என்றால், கணக்கு 34-இல்தான் தொடங்குகிறது.

முதலில் வாட்

பாகங்களின் பட்டியலுக்கு முன்னால், எத்தனை வாட் சூட்டை வெளியேற்ற வேண்டும் என்று பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர் முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ கிராபிக்ஸ் கார்டு 285 வாட். மொத்தம் 427. இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளிவரும்.

120 மி.மீ. விசிறி ஒன்று பொருந்தும் ரேடியேட்டர் பகுதி, விசிறி அதிகம் இரையாமல் சுற்றும்போது, சுமார் 80 முதல் 100 வாட் வெளியேற்றும். தண்ணீர் அறையை விட 10 டிகிரி கூடுதலாக இருக்கும் நிலையில் இது தோராயக் கணக்கு. நம் எடுத்துக்காட்டுக்கு அப்படி ஐந்து பகுதிகள் வேண்டும்: மேலே மூன்று விசிறிக்கான 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று, முன்னால் இரண்டு விசிறிக்கான 240 ஒன்று. அந்த 34 டிகிரி அறையில் தண்ணீர் 44 அருகே நிற்கும். பம்புக்கும் குழாய்க்கும் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 60 டிகிரி என்பதால் இது பாதுகாப்பான இடம். ரேடியேட்டரைக் குறைத்தாலும் ஓடும். ஆனால் விசிறிகள் அலறும், தண்ணீர் வாங்கியதன் பயன் போய்விடும்.

கேபினட்டுக்குள் இடம்

ரேடியேட்டர் 30 மி.மீ. தடிமன், விசிறி 25: ஆக 55 மி.மீ. மேல்பக்கத்தில் அது ரேம் குச்சிகளில் இடிக்கிறதா, முன்பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் நுனியில் முட்டுகிறதா என்று அளவுநாடாவை வைத்தே பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான பிளாக்கை சிப்பின் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. ஒரே சிப்பை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு பலகை செய்கிறது. திருகுத் துளைகளும் மாறும். உங்கள் கார்டின் முழு மாடல் பெயர் பிளாக்கின் பட்டியலில் இருக்க வேண்டும்.

எது முன், எது பின்?

பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே ரேடியேட்டர் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில் 427 வாட் சேர்ந்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றரை டிகிரிதான் ஏறும். சுற்றின் எந்த இடத்திலும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கும். ஆகவே எந்த வரிசையில் குழாயின் நீளம் குறைகிறதோ, அதுவே சரி. மீறக் கூடாத விதி ஒன்றுதான்: திரவத் தொட்டியான ரிசர்வாயரிலிருந்து தண்ணீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும். பம்ப் வறண்டு ஓடினால் கெட்டுவிடும். டி5, டிடிசி என்ற இரு வகைப் பம்புகளில் எதுவும் முதல் சுற்றுக்குப் போதும்.

உலோகம், குழாய், திரவம்

செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை ஒரே சுற்றில் இருக்கலாம். அலுமினியத்தை அவற்றோடு சேர்க்காதீர்கள். அலுமினியம் அரிக்கப்பட்டு, பிளாக்கின் மெல்லிய பள்ளங்கள் அடைபடும்.

கண்ணாடி போன்ற விறைப்புக் குழாய் படத்தில் அழகு. ஆனால் சூடுகாட்டி வளைத்து, அளந்து வெட்டியாக வேண்டும். முதல் முறைக்கு மென்குழாயே நல்லது. திருகுமரை பெரும்பாலும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான். குழாயின் உள், வெளி விட்டம் இரண்டும் ஃபிட்டிங்கோடு பொருந்த வேண்டும்: 10/13 குழாய்க்கு 10/16 ஃபிட்டிங் உதவாது.

குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரோடு பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து, அல்லது கலந்தே விற்கும் நிறமற்ற திரவம் போதும். பால்போல் திரண்ட வண்ணத் திரவங்கள் நாளடைவில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

கசிவுச் சோதனை

திரவம் நிரப்பும்போது பம்பைத் தவிர எதற்கும் மின்சாரம் போகக் கூடாது. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஒயர்களைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் முனையில் அதற்கென்றே விற்கும் ஜம்பர் பிளக்கைச் செருகினால் பம்ப் மட்டும் ஓடும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். காகிதம் நனையவில்லை என்றால் மற்ற ஒயர்களை மாட்டலாம்.

சூடாவது பிராசஸர் மட்டும்தான் என்றால் இவ்வளவும் தேவையில்லை. கடையில் கிடைக்கும் மூடிய வாட்டர் கூலரோ நல்ல காற்றுக் கூலரோ போதும். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துச் சத்தமில்லாமல் குளிர்விக்க நினைப்பவர்களுக்கே தனிச் சுற்று லாபம். அவர்களும் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வை இப்போதே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இடம் கிடைக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம்.