சூணாம்பேட்டுக்குச் சென்ற மருத்துவ வண்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. அனந்தபுரத்தில் வெயில் கொளுத்திய பிற்பகல். சிலுவைப்பாதை ஒன்பதாம் தலத்தை நெருங்கிய வேளையில் பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. அறுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் கூட்டத்தின் நடுவே சாய்ந்துவிட்டார். உடலெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம், பேச்சில் குழறல். வெயில் தாக்கிவிட்டது என்றார் ஒருவர். காற்றுக் கருப்பு என்று முணுமுணுத்தார் மற்றொருவர். செவிலியர் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண் மட்டும், "ஆயா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்டாள். போட்டிருந்தார். ஆனால் ஒருசந்தி என்பதால் பொழுது விடிந்ததிலிருந்து ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. கோவில்பிள்ளை நமது சமையற்கட்டுக்கு ஓடிச் சர்க்கரை கரைத்த நீர் கொண்டுவந்தார். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தோம். கால்மணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, "என்னாலேயா சாமி பாதியில நிறுத்திட்டீங்க?" என்று நம்மைக் கேட்டார்.

அவராலன்று, நம்மால் நேர்ந்தது அது. ஒருசந்திக் கடமை பதினெட்டு வயதில் தொடங்கி ஐம்பத்தொன்பது வயது நிறைவோடு முடிகிறது என்பதையும், நோயாளிகளுக்கு அக்கடமை இல்லை என்பதையும் குருமடத்திலேயே நாம் கற்றிருந்தோம். அவ்வாண்டு விபூதிப் புதனன்று பீடத்தில் நின்று அதை ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தத் தாயார் காலையில் இரண்டு இட்டிலியாவது உண்டிருப்பார். சொல்லவில்லை. அந்த மனவருத்தமே இந்நோயைப் பற்றியும், அதற்கெனத் தம் வாழ்நாளை ஒதுக்கிய மருத்துவர்களைப் பற்றியும் தேடிப் படிக்க நம்மைத் தூண்டிற்று.

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று சில உண்டு. குழாய் ஏதுமின்றி, தாம் சுரப்பதை நேரே இரத்தத்தில் கலப்பவை அவை. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்திலும் அத்தகைய சிறு திட்டுகள் இருக்கின்றன. அங்கே சுரக்கும் இன்சுலின் என்னும் நீர்தான் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் புகச் செய்கிறது. இன்சுலின் குறைந்தாலும், சுரந்தும் வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். அதுவே நீரிழிவு. 1921 ஆம் ஆண்டுக் கோடையில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழி கண்டனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது ஊசி வழியே ஏற்றப்பட்டது. அதற்குமுன் அந்நோய் கண்ட சிறுவர்கள் எலும்பும் தோலுமாய் மெலிந்து இறப்பதே வழக்கம். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டனர். இன்று மருந்துக்கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு டாலர் நம் நினைவுக்கு வருகிறது.

தமிழகத்தில் இந்நோய்க்கெனத் தனிக் கவனம் பிறந்த இடம் வடசென்னை. டாக்டர் எம். விசுவநாதன் 1948 இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலும் காசமும் வயிற்றுப்போக்குமே பெருநோய்களாகக் கருதப்பட்ட காலம் அது. சர்க்கரையைப் 'பணக்காரர் வியாதி' என்று சிரித்து ஒதுக்கிய நாளில், ஏழைகள் நிறைந்த அரசு மருத்துவமனையில் அதற்கென ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது வியப்புக்குரியது. 1954 இல் இராயபுரத்தில் அவர் தொடங்கிய மருத்துவமனை, பின்னாளில் நீரிழிவுக்கு மட்டுமே உரிய மருத்துவமனையாக வளர்ந்தது. இராயபுரம் என்ற பெயரே நம் இராயப்பரை ஒட்டி வந்தது என்பர், அது நிற்க.

அவருடைய பணியில் இரண்டு செய்திகள் நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியவை. முதலாவது உணவு. சர்க்கரை கண்டவர் சோற்றையே மறக்க வேண்டும் என்ற கடுமை நிலவிய நாளில், தானியமும் பருப்பும் கீரையும் காய்கறியும் கொண்ட, நார்ச்சத்து மிகுந்த நம் நாட்டு உணவாலேயே நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். நார் நீங்கத் தீட்டிய வெள்ளைச் சோற்றைத் தட்டு நிறையக் குவித்துக்கொள்ள இது அனுமதி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டாவது குடும்ப வழி. தாய் தந்தை இருவருக்குமே நீரிழிவு உள்ள குடும்பங்களை அவரும் அவர் துணைவர்களும் ஆராய்ந்து 1985 இல் வெளியிட்டனர். ஆராயப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்நோய் இருந்தது. சம்பந்தம் பேசும்போது நிலபுலன்களை விசாரிக்கும் நாம் இதை விசாரிப்பதில்லை. இதற்காக மணத்தை மறுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை; பிறக்கும் பிள்ளைகளை இருபது வயதிலிருந்தே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

அவருடைய மகன் டாக்டர் வி. மோகன், மருத்துவ மாணவராக இருந்தபோதே தந்தையிடம் வேலைக்குச் சேர்ந்தவர். 1991 இல் கண் மருத்துவரான தம் மனைவி டாக்டர் ரெமாவுடன் தனியே நீரிழிவு மருத்துவ மையம் தொடங்கினார். சர்க்கரை கண்ணின் விழித்திரையைத் தின்றுவிடும் நோயாதலால் இருவர் தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றது. 2012 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதைவிட, நம் பக்கத்து மண்ணில் அவர் செய்த ஒரு முயற்சியைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத அமர்ந்தோம்.

திண்டிவனத்துக்கு வடகிழக்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது சூணாம்பேடு. அதைச் சூழ்ந்த 42 சிற்றூர்களுக்கு ஒரு மருத்துவ வண்டி அனுப்பப்பட்டது. உள்ளே விழித்திரையைப் படமெடுக்கும் கருவியும் கால் நரம்பைச் சோதிக்கும் கருவியும் இருந்தன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணைக்கோள் வழியாக அந்தப் படங்கள் சென்னைக்குச் சென்றன. மருத்துவர் அங்கிருந்தே பார்த்து ஆலோசனை சொன்னார். சோதனைப் பணிக்கு அந்தந்த ஊர் இளைஞர்களையே பயிற்றுவித்தார்கள். இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். அப்பகுதியின் வயது வந்தோரில் பத்துக்கு எட்டுப்பேருக்கும் அதிகம் இது. பிறகு ஊரிலேயே ஒரு சிறு மருத்துவ நிலையமும் அமைந்தது. ஓராண்டு மருத்துவத்தில் நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு சராசரி 9.3 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆக இறங்கிற்று. மேல் சிகிச்சைக்காகச் சென்னை வரை போக வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே.

இந்தக் கடைசிக் கணக்கைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். கூலி வேலை செய்பவர் சென்னை போவதென்றால் பேருந்துக் கட்டணம் மட்டுமா? அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் சாமி" என்று அவர்கள் சொல்வது சோம்பலால் அன்று.

சர்க்கரை ஊர்ப்புறத்தில் ஏது என்று கேட்பவர் இன்னும் உளர். டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 1992 இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை நகரில் நூற்றுக்கு 8.2 பேருக்கும், சிற்றூரில் 2.4 பேருக்கும் நீரிழிவு இருந்தது. அவர்களே 2006 இல் ஆராய்ந்தபோது நகரை ஒட்டிய சிற்றூர்களில் அது 9.2 ஆகியிருந்தது. ஏற்றம் இறைத்த கையில் இப்போது மோட்டார் பொத்தான். சந்தைக்கு நடந்த கால் இரு சக்கர வண்டியில். 2023 இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதெனக் கூறுகிறது. அதே இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்றவர்களுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்பித்ததில், நோய்க்குள் விழுந்தோர் கால்பங்குக்கும் மேல் குறைந்தனர் என்று 2006 இல் காட்டியிருக்கிறார்கள்.

நமக்கும் இந்நோய் உண்டு. வீடு மந்திரிக்கச் சென்றால் வீட்டுக்கு ஒரு தேநீர், அதில் பங்குச் சாமியார் என்பதால் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதல்! மறுத்தால் அவர்கள் முகம் வாடும். இப்போது நீர்மோர் கேட்டுப் பழக்கிவிட்டோம்.

இனி, காலைப் பற்றி. சர்க்கரை பல ஆண்டு நிலைத்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. நம் பங்கில் ஒருவர் நேர்ச்சை என்று ஆகஸ்டு மாத வெயிலில் வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடந்தார். தார்ச்சாலையில் பாதம் வெந்து கொப்புளமானதை, இரவில் தங்கிய இடத்தில் உடன் வந்தவர் கண்டு சொன்ன பிறகே அறிந்தார். வந்து சேர்ந்தபின் மஞ்சள் பத்துப் போட்டுப் பத்து நாள் கடத்தினார். நாம் நோயிற்பூசுதல் கொடுக்கச் சென்றபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. உயிர் தப்பியது, விரல்கள் போயின. இப்போது யாத்திரைக் குழுவினர் புறப்படுமுன் பெயர் கொடுக்கும்போதே சர்க்கரை உண்டா என்று கேட்கிறோம். உண்டென்றால் செருப்பும் காலுறையும் அணிந்து வர வேண்டும், இரவில் இன்னொருவர் விளக்கடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மாதா செருப்பைக் கண்டு கோபிப்பாளோ என்று ஒரு முதியவர் கேட்டார். அந்தப் பொறுப்பு நம்முடையது என்றோம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெட்டியோடு வரும் பெண் தன்னார்வலரை நம் மக்கள் பல வேளைகளில் வாசலிலேயே நிறுத்தி, மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அவரிடம் கருவி இருந்தால் உட்கார வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் தாழ்வாரத்தில் மேசை போட்டுத்தரவும் நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாயார் இன்றும் சிலுவைப்பாதைக்கு வருகிறார். இவ்வாண்டு விபூதிப் புதனன்று பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து, பெரிய வெள்ளியன்று தாம் காலையில் சாப்பிட்டுவிட்டே மாத்திரை போடுவதாகவும், அதற்கு ஈடாக வெற்றிலைபாக்கை நாற்பது நாளும் விட்டுவிடுவதாகவும் கூறினார். முந்தானை முடிச்சில் இரண்டு சர்க்கரை மிட்டாய் இருந்தன. எதற்கு என்று கேட்டோம். "பக்கத்துல யாராச்சும் விழுந்தா குடுக்கணுமே சாமி" என்றார்.