பெயர் போன கடை

புறக்கணிப்பைக் குறிக்கும் ‘பாய்காட்’ என்னும் ஆங்கிலச் சொல் ஒரு மனிதரின் பெயராகும். அயர்லாந்தின் மேயோ வட்டாரத்தில் ஒரு பிரபுவின் நிலங்களை மேற்பார்த்து வந்த சார்லஸ் பாய்காட் என்பாருக்கு, 1880ஆம் ஆண்டில் குடியானவர்கள் வேலை செய்ய மறுத்தனர். கடைக்காரர்கள் பண்டம் விற்க மறுத்தனர். ஊர் ஒன்றுபட்டு ஒருவரை விலக்கியதில் பிறந்தது அச்சொல். ஆனால், தனியொருவர் எவரையும் கூட்டாமல், ‘இனி அக்கடையின் வாசலை மிதியேன்’ என்று உறுதி பூணுவதும் உண்டு. அதனால் ஆவதென்ன என்பதை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மார்ஷல் ஃபீல்டு என்னும் பேரங்காடி இருந்தது. அதன் தொடக்கம் 1852. ‘கடிகாரத்தின்கீழ்ச் சந்திப்போம்’ என்றால், ஸ்டேட் தெருவில் அக்கட்டடத்தின் மூலையில் தொங்கும் பெரிய கடிகாரமே என்று நகரத்தார் அறிவர். 1982க்கும் 2005க்கும் இடையில் நான்கு முறை கடை கைமாறியது. ஆயினும் பெயர் நிலைத்தது. இறுதியாக வாங்கிய ஃபெடரேட்டட் நிறுவனம், 2006 செப்டம்பர் 9ஆம் நாள் அதற்கு நியூயார்க்கின் ‘மேசிஸ்’ என்னும் பெயரைச் சூட்டியது. பாஸ்டனின் ஃபிலீன்ஸ், பிட்ஸ்பர்க்கின் காஃப்மன்ஸ், ஹூஸ்டனின் ஃபோலீஸ் ஆகியனவும் அவ்வாறே பெயர் இழந்தன. நாடெங்கும் ஒரே பெயர் இருப்பின் ஒரே விளம்பரம் போதும் என்பது வணிகர் கணக்கு.

அன்று கடிகாரத்தின்கீழ் மக்கள் கூடிக் கண்டித்தனர். பலர் அங்கு வாங்குவதையே நிறுத்தினர். பெயர் திரும்பவில்லை.

கட்டடம் அதுவே, கடிகாரமும் அதுவே, பின் ஏன் இந்தச் சினம்? ‘பெயர் போன’ என்பதற்குத் தமிழில் புகழ் பெற்ற என்பது பொருள். பெயர் நீங்கிய என்றும் கொள்ளலாம். சிக்காகோ கடைக்கு இரண்டும் பொருந்தும். உரிமைப் பத்திரம் முதலாளியுடையது. பெயரோ ஊராரின் பேச்சில் கலந்துவிட்டது. பிறந்த ஊரின் பெயரை மாற்றினாற்போல் அவர்கள் வருந்தினர்.

இதில் ஒரு முரணும் உண்டு. 2001இல் மினியாபொலிஸின் டேட்டன்ஸ், டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் என்னும் பழங்கடைகளின் பெயர்களை விழுங்கியது இதே மார்ஷல் ஃபீல்டுதான்! ஓர் ஊரார் இழந்து வருந்தும் பெயர், வேறோர் ஊராருக்கு வந்தேறிய பெயர்.

தனியாள் புறக்கணிப்பின் குறை யாதெனில், அது வாய் பேசாது. வராதவர் விலை கண்டு வரவில்லையா, மனம் நொந்து வரவில்லையா என்பதைப் பேரேடு காட்டுவதில்லை. ஆதலின் காரணத்தை எழுதித் தெரிவிக்காத புறக்கணிப்பு கடையைத் திருத்தாது. மறைந்த கடைக்காகச் செய்வதோ துக்கம் காப்பது போன்றது. அதைப் பழித்தல் தகாது.

கடை உயிரோடிருக்கும்போது காட்டும் பற்றே அதனைக் காக்கும். சிங்கப்பூரில் 1858 முதல் நடந்துவந்த ராபின்சன்ஸ், 2020 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்தபின் வாசலில் நீண்ட வரிசை நின்றது. அவ்வரிசை முன்பே நின்றிருக்க வேண்டும் அன்றோ?