வலைப்பக்கத்தில் ஒரு பணியாள்

ஒரே காரியத்தை நாள்தோறும் ஒரே முறையில் செய்ய நேரும்போது, அதனை ஒரு கருவியிடம் ஒப்படைக்க விழைவது மனித இயல்பு. ஜக்கார்டுப் பெட்டியை அறிந்த நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அட்டையில் துளையிட்டவாறே பாவிழைகள் மேலெழுகின்றன. துளை ஒன்று பிழைபட்டால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் சேலையில் அப்பிழையும் வருகிறது. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியிலும் இத்தகைய கட்டளைக் கோவைகளை ஏற்ற இயலும். அவற்றின் பயனையும் அபாயத்தையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தோற்றம்

ஆரன் பூட்மன் என்பவர் பயர்பாக்ஸ் உலாவிக்கென ‘கிரீஸ்மங்கி’ என்னும் துணைக் கருவியை வெளியிட்டார். இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளியை ஆங்கிலப் பேச்சு வழக்கில் அவ்வாறு அழைப்பர். அதற்கு முன்பு ஏட்ரியன் ஹோலோவாட்டி என்பவர் ‘ஆல்மியூசிக்’ என்ற இசைத் தளத்தின் தோற்றத்தைச் சீர் செய்யத் தனிக் கருவி ஒன்றை இயற்றியிருந்தார். அதுவே பூட்மனுக்குத் தூண்டுகோலாயிற்று. கிரீஸ்மங்கியோ எந்தத் தளத்திற்கும் சிறு கட்டளைக் கோவை எழுதிச் சேர்க்க இடந்தந்தது. 2010 இல் யான் பினியோக் இயற்றிய ‘டாம்பர்மங்கி’ குரோம் உலாவியில் இதே பணியைச் செய்ய முன்வந்தது.

வேலை செய்யும் விதம்

தளத்தார் அனுப்பும் பக்கத்தின் பிரதி நமது கணினியில் விரிகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட கோவை அந்தப் பிரதியின் மீது வேலை செய்கிறது. விளம்பரங்களை மறைக்கும், சிறிய எழுத்தைப் பெரிதாக்கும், பட்டியலில் உள்ள தொகைகளைக் கூட்டிக் காட்டும், படிவத்தின் கட்டங்களை நிரப்பிப் பொத்தானையும் அழுத்தும். தோற்றத்தில் செய்யும் மாற்றம் பிறர் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் அனுப்பப்படும் படிவம் மெய்யாகவே தளத்தாரைச் சென்றடையும்.

இங்கேதான் ஊன்றி நோக்க வேண்டும். ஒருவர் கடவுச்சொல் தந்து நுழைந்திருக்கும் பக்கத்தில் கோவை இயங்கினால், அது அவருடைய அதிகாரத்துடனேயே இயங்குகிறது. அவர் காணும் கணக்கை அதுவும் காணும். அவர் அனுப்பக்கூடியதை அதுவும் அனுப்பக்கூடும். செய்தவர் யார் என்ற பேதம் பெரும்பாலும் தளத்தாருக்குத் தெரிவதில்லை. ஆதலின், முன்பின் அறியாதவர் எழுதிய கோவையைப் பாராமல் ஏற்றுவது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கருவியிலேயே குறை நேர்வதும் உண்டு. கிரீஸ்மங்கியைப் பற்றி வழிகாட்டி நூல் எழுதிப் பலருக்கும் கற்பித்த மார்க் பில்கிரிம் என்பவரே, 2005 ஜூலையில் அதன் பெருங்குறையை வெளிப்படுத்தினார். கோவை இயங்கும் பக்கத்தைத் தீய எண்ணமுடையோர் நடத்தினால், பயனரின் கணினியிலுள்ள கோப்புகளை அவர்கள் படிக்க முடியும் என்பதே அது. உடனே அபாயத்திற்கு இடமளித்த வசதிகளை நீக்கிய 0.3.5 என்னும் பதிப்பு வெளியிடப்பட்டது. பின்னர் குறை நீக்கப்பட்ட பதிப்பும் வந்தது. கருவியை விரும்பியவரே அதன் குறையை மறைக்காது கூறியமை போற்றத்தக்கது.

கவனிக்க வேண்டியவை

கோவையின் தலைப்பகுதியில் அது எந்தெந்தத் தளங்களில் இயங்கும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். ஒரு தளத்திற்கெனச் சொல்லப்பட்ட கோவை எல்லாத் தளங்களிலும் இயங்க அனுமதி கேட்டால், காரணம் விளங்கும் வரை அதனை ஏற்றலாகாது. கோவையின் உட்பகுதியும் மறைபொருளன்று; திறந்து படிக்கலாம். மொழி அறியாதவர், அறிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்பதில் இழிவு ஏதுமில்லை. இன்று நல்லதாயிருக்கும் கோவை, தானாகப் புதுப்பிக்கப்படும்போது நாளை வேறாகவும் மாறலாம். ஆகவே ஒருமுறை பார்த்ததோடு நில்லாமல் அவ்வப்போது பார்த்தல் வேண்டும். பணம் செலுத்தும் பக்கங்களில் பிறர் எழுதிய கோவைகளை இயங்கவிடாதிருத்தலே உத்தமம்.

ஓயாத வேலையைக் கருவி சுமப்பதால் மிஞ்சும் நேரம் பெரிது. அந்த நேரத்தில் ஒரு சிறு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்குவது நஷ்டமாகாது. அட்டையைத் தறியில் ஏற்றுமுன் துளைகளைச் சரி பார்க்கும் நெசவாளருக்கு இந்த வழக்கம் புதிதன்று.